டொச் சுமாராகத்தான் வரும், சுவிஸ் சைகைமொழி பழகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வின்டர்தூரில் இருக்கிறீர்கள். மகளின் சிநேகிதிக்கும் அவளுடைய தாய் தகப்பனுக்கும் காது கேளாது, வீட்டில் சைகைமொழியில்தான் கதைக்கிறார்கள். அவர்களோடு நேரடியாகக் கதைக்க ஆசை. உங்களுடைய டொச் (ஜெர்மன் மொழி) பி1 என்ற நடுத்தர அளவில் நிற்கிறது, இங்கத்தைய பேச்சுவழக்கான ஸ்விஸ்டொச் பாதிதான் விளங்கும். யூடியூப் பார்த்துப் பழகினால் போதுமா, எவ்வளவு காலம் எடுக்கும், முதலில் டொச்சை முன்னேற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

டொச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். சொல்லப்போனால், வகுப்பில் உட்கார்ந்து எழுத்து டொச் படித்த உங்களுக்கு இந்த மொழியில் ஒரு வசதி இருக்கிறது. ஸ்விஸ்டொச்சிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கு அது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், எந்த மொழியைப் பழகப்போகிறீர்கள் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே பலர் வழி தவறுவது இங்கேதான்.

சுவிஸில் மூன்று சைகைமொழிகள் இருக்கின்றன. பிரெஞ்சு பேசும் ஜெனீவா, லோசான் பக்கம் ஒன்று, இத்தாலியன் பேசும் டிசினோவில் ஒன்று, டொச் பேசும் பகுதிகளில் ஒன்று. மூன்றாவதைச் சுருக்கமாக டிஎஸ்ஜிஎஸ் என்பார்கள். லீக்டன்ஸ்டைனிலும் அதுதான். ஜெர்மனியில் இருப்பது டிஜிஎஸ், அது வேறு மொழி. சில சைகைகள் ஒத்துப்போகும், பல ஒத்துப்போகாது. யூடியூப்பில் 'கெபேர்டன்ஷ்ப்ராக' (டொச்சில் சைகைமொழி) என்று மட்டும் தட்டினால் வருவதில் பெரும்பாலானவை ஜெர்மனிக்காரர்களின் காணொளிகள். அதை மூன்று மாதம் பார்த்துப் பழகிவிட்டு வின்டர்தூரில் கையைத் தூக்கினால், எதிரில் இருப்பவர் மரியாதைக்குத் தலையசைப்பார். பிறகு ஒவ்வொரு சொல்லாக மறந்து திரும்பப் படிக்க வேண்டிவரும். ஆகவே எந்தக் காணொளியிலும் முதலில் நாட்டைப் பாருங்கள், பிறகு கையைப் பாருங்கள்.

நாடு சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. டிஎஸ்ஜிஎஸ்ஸுக்குள்ளேயே சூரிச், பேர்ண், பாசல், லுட்சேர்ன், சென்ட் காலன் என ஐந்து வட்டார வழக்குகள் இருக்கின்றன. இவை காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளைச் சுற்றி வளர்ந்தவை. 1880இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு பேச்சுமுறைக் கல்வியே மேல் என்று தீர்மானித்த பிறகு, ஐரோப்பா முழுவதும் சைகைமொழி வகுப்பறையிலிருந்து விரட்டப்பட்டது. சுவிஸ் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு உதடு பார்க்கவும் குரல் எழுப்பவும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் கையை அடக்கிய பிள்ளைகள் விளையாட்டு முற்றத்திலும் படுக்கையறையிலும் தங்களுக்குள் கதைத்தார்கள். ஒரு விடுதியின் சைகை இன்னொரு விடுதிக்குப் போக வழியில்லாததால் ஒவ்வொன்றும் தன் போக்கில் வளர்ந்தது. இலக்கணம் பெரிதாக மாறவில்லை, வேறுபாடு பெரும்பாலும் சொற்களில்தான். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் கதைத்து விளங்கிக்கொள்வதைப் போல ஐந்து வட்டாரத்தாரும் விளங்கிக்கொள்வார்கள். நீங்கள் இருக்கும் வின்டர்தூர் சூரிச் மாநிலத்தில் என்பதால் சூரிச் வழக்கைப் பிடியுங்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் தகப்பன் சென்ட் காலனில் படித்தவராக இருந்தால் அவர் கை வேறு மாதிரி இருக்கும். 'நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?' என்று கேளுங்கள். 'எந்த ஊர்?' என்று நாங்கள் கேட்பதற்குச் சமமான கேள்வி அது, அவர்களும் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்வார்கள்.

சொல் தேட ஒரே இடம் போதும்: சுவிஸ் காது கேளாதோர் கூட்டமைப்பு நடத்தும் சைன்சுவிஸ் என்ற இணைய அகராதி. இலவசம், மூன்று மொழிகளும் அதில் உண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் காணொளி இருக்கிறது, வட்டார வேறுபாடு உள்ள இடத்தில் அதையும் குறித்திருப்பார்கள். அகராதியை வைத்து மொழி படிக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டொச் வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகை தேடி வரிசையாக அடுக்கினால் வருவது கையால் பேசும் டொச். அதற்குத் தனிப்பெயர் இருக்கிறது, டொச்சில் சுருக்கமாக எல்பிஜி என்பார்கள். சில பள்ளிகளிலும் சிகிச்சையகங்களிலும் அதைப் பாவிக்கிறார்கள். இன்னொன்று போர்ட்டா: அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு கதைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த சைகைகளின் தொகுப்பு. இரண்டுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு, ஆனால் அந்தச் சிநேகிதியின் வீட்டார் கதைக்கும் மொழி இவை இல்லை. வகுப்புக்குப் பணம் கட்டுமுன் விளம்பரத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வகுப்பு கட்டாயம் தேவை. ஆசிரியர் காது கேளாதவராக இருக்கட்டும். மேலே சொன்ன கூட்டமைப்பு ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து படிப்படியாக நடத்துகிறது, நேரிலும் உண்டு, இணையத்திலும் உண்டு. முதல் நாளே குரலுக்கு இடமில்லை என்பதை எதிர்பார்த்துப் போங்கள். ஆசிரியர் படம் காட்டுவார், நடித்துக் காட்டுவார், தேவைப்பட்டால் பலகையில் எழுதுவார். டொச் அரைகுறையாக இருக்கும் ஒருவருக்கு இந்த வகுப்பு சாதாரண டொச் வகுப்பைவிடச் சுகம், ஏனென்றால் விளக்கம் டொச் வழியாக வருவதில்லை. பலகையில் எழுதுகிற ஒற்றைச் சொற்களுக்கு பி1 தாராளம். இணைய வகுப்பென்றால் மடிக்கணினியைக் கண் உயரத்துக்கு உயர்த்தி, ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடத் தள்ளி உட்காருங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி, கீழே இடுப்பு வரை திரையில் தெரிய வேண்டும். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். கோடு போட்ட சட்டையும் பூப்போட்ட சட்டையும் வேண்டாம், கை பளிச்சென்று தெரிய, தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒரே நிறம் போதும்.

இப்போது அந்த வசதிக்கு வருகிறேன். டிஎஸ்ஜிஎஸ்ஸில் கை அசையும்போது வாயும் அசைகிறது. பெயர்ச்சொற்களோடு பெரும்பாலும் அதற்குரிய டொச் சொல்லைக் குரலில்லாமல் வாய் சொல்லும். டொச்சில் இதை 'முண்ட்பில்ட்' என்பார்கள். அந்த வாயசைவு எழுத்து டொச்சைத்தான் பின்பற்றுகிறது, ஏனென்றால் பள்ளியில் பிள்ளைகளின் வாய்க்கு ஏற்றியது அதைத்தான். 'வீடு' என்ற சொல்லை எடுங்கள். எழுத்து டொச்சில் 'ஹவ்ஸ்': வாய் முதலில் திறந்து பிறகு குவிகிறது. ஸ்விஸ்டொச்சில் 'ஹூஸ்': உதடு முதலிலிருந்தே குவிந்து நிற்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் இரண்டு சொற்கள். ஸ்விஸ்டொச்சில் யோசிக்கும் மாணவருக்கு ஒவ்வொரு சொல்லையும் வாயில் மாற்ற வேண்டியிருக்கிறது. நீங்கள் புத்தகத்தில் படித்ததை அப்படியே உதட்டில் கொண்டுவந்தால் போதும். வேற்றுமை விகுதி, வினையின் முடிவு, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டேர்-டீ-டஸ் எதுவும் வாயில் வேண்டாம், அடிச்சொல் மட்டும். நான்காம் வேற்றுமையா மூன்றாம் வேற்றுமையா என்று வியர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வாயசைவை மட்டும் நம்பி மற்றவரை விளங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். டொச்சின் ஒலிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் உதட்டில் தெரியும். 'முட்டர்', 'புட்டர்' இரண்டையும் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள்: அம்மாவுக்கும் வெண்ணெய்க்கும் உதட்டில் வித்தியாசமே இல்லை. கைதான் பிரித்துக் காட்டும். அதேபோல் சில சைகைகளில் கை ஒன்றாகவே இருக்கும், வாய்தான் பிரிக்கும். இரண்டும் சேர்ந்தே ஒரு சொல். சொல்லைப் பழகும்போதே வாயையும் சேர்த்துப் பழகாவிட்டால் பிறகு ஒட்டவைப்பது கஷ்டம்.

வாக்கிய அமைப்பில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். காலம் முதலில், அடுத்து இடம், பிறகு ஆட்களும் பொருளும், வினை பெரும்பாலும் கடைசியில். 'நாளை – பேர்ண் – அண்ணா என் – டொக்டர் – பார்' என்று கை போகும். 'நாளைக்கு பேர்ணில் என் அண்ணா டொக்டரைப் பார்க்கிறார்' என்று யோசிக்கிற மூளைக்கு இதில் என்ன சிரமம்? 'இது என் வீடு' என்பதில் தமிழில் 'ஆகும்' வைக்கத் தேவையில்லாததுபோல் அங்கும் டொச்சின் 'இஸ்ட்' (ஆகும்) இல்லை. கேள்விச்சொல்லும் கடைசிக்குப் போகும்: 'பெயர் உன் என்ன?' நேற்று, போன வருடம் என்பவை தோளுக்குப் பின்னாலும், நாளை என்பது முன்னாலும் போகின்றன. வினைக்குத் தனியாகக் காலம் காட்ட வேண்டியதில்லை, தொடக்கத்தில் வைத்த காலம் அந்தக் கதை முடியும்வரை நிற்கும்.

தமிழ் கைகொடுக்காத இடம் முகம். 'குடிக்கிறாயா?' என்பதில் அந்தக் கடைசி 'ஆ' செய்யும் வேலையை இங்கே புருவம் செய்கிறது. ஆம்-இல்லை கேள்வி என்றால் புருவம் மேலே, தலை சற்று முன்னே, கடைசிச் சைகையை ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டு எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். யார், எங்கே, ஏன் என்ற கேள்வி என்றால் புருவம் சுருங்கிக் கீழே வரும். புருவத்தை அசைக்காமல் 'காப்பி – நீ – குடி' என்று காட்டினால் அது கேள்வியே இல்லை, 'நீ காப்பி குடிக்கிறாய்' என்ற அறிவிப்பு. எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல் இருப்பார், நீங்கள் அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்துக் கையை இன்னும் பெரிதாக வீசுவீர்கள். புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. 'மழை பெய்தால்' போன்ற நிபந்தனையிலும் முதல் பாதிக்குப் புருவம் உயரும், சிறு இடைவெளி, பிறகு மற்றப் பாதி.

எதிர்மறையைத் தலை காட்டுகிறது, வினையோடு தலையை இடம்வலமாக ஆட்ட வேண்டும். நம்மவர்கள் வழுக்குவது இங்கேதான். கேட்டுக்கொண்டிருக்கும்போது தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து 'ம், ம்' என்று ஆட்டும் பழக்கம் நமக்குத் தெரியாமலே நடக்கும். நமக்கு அது 'சரி, சொல்லுங்கள்'. சுவிஸ்காரர் கண்ணுக்கு அது சந்தேகம் அல்லது மறுப்பு. காது கேட்கும் சுவிஸ்காரராவது உங்கள் குரலை வைத்து ஊகித்துக்கொள்வார், இங்கே குரல் இல்லை. 'வருகிறேன்' என்று கை சொல்ல, தலை பக்கவாட்டில் ஆட, வருகிறீர்களா இல்லையா என்றே தெரியாமல் போகும். ஆமோதிப்பு என்றால் மேலும் கீழும், நேராக. கைத்தொலைபேசியில் உங்களையே இரண்டு நிமிஷம் படம் எடுத்துப் பாருங்கள், தலை எத்தனை தடவை சாய்கிறது என்று கண்டு அதிர்ந்துபோவீர்கள்.

பழக்கத்தால் வரும் இன்னும் இரண்டு தடைகள். பெரியவர்களை விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்று வளர்ந்திருக்கிறோம். இந்த மொழியில் 'நான், நீ, அவர்' எல்லாமே விரல் நீட்டல்தான், நீ-நீங்கள் வேறுபாடும் அந்த விரலில் இல்லை. கூசாமல் நீட்டுங்கள். அங்கே இல்லாத ஆளையும் விரலால்தான் சொல்வார்கள்: மகளை இடது பக்கம் ஓர் இடத்தில் ஒருமுறை வைத்து, ஆசிரியரை வலது பக்கம் வைத்தால், பிறகு அந்தந்த இடத்தைக் காட்டினாலே போதும். 'கொடு' என்ற கை ஆசிரியரின் இடத்திலிருந்து மகளின் இடத்துக்கு நகர்ந்தால் ஆசிரியர் மகளுக்குக் கொடுத்தார், திரும்பி நகர்ந்தால் மகள் கொடுத்தாள். வைத்த இடத்தை மறந்து பாதியில் மாற்றிவிட்டால் கதையே தலைகீழாகிவிடும். இரண்டாவது தடை கண். மரியாதைக்குப் பார்வையைத் தாழ்த்துகிறவர்கள் நாங்கள். இங்கே பார்வையை விலக்குவது காதைப் பொத்துவதற்குச் சமம். பார்க்க வேண்டியது முகத்தை, கையை இல்லை. கை ஓரக்கண்ணில் தானாக விழும். முதல் சில வகுப்புகளில் முக்கால் மணித்தியாலத்துக்குள் கண் எரியும், தலை கனக்கும். அது எல்லோருக்கும் நடக்கும், இடைவேளை கேளுங்கள்.

விரலெழுத்தை ஒரு வாரத்தில் படித்துவிடலாம் என்பதால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். படியுங்கள், ஆனால் அதில் குடியிருக்காதீர்கள். ஆட்களின் பெயர், தெருப்பெயர், சைகை தெரியாத அரிய சொல் ஆகியவற்றுக்குத்தான் அது. ஒரு கை போதும். இந்தியச் சைகைமொழியின் இரண்டு கை எழுத்து தெரிந்தவர்கள் அதை மறந்துவிட்டு வர வேண்டும். கை தோள் அருகில் அசையாமல் நிற்கட்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னே குத்தக் கூடாது. வாய் எழுத்துக்களைச் சொல்லக் கூடாது, முழுச்சொல்லைச் சொல்ல வேண்டும். டிஎஸ்ஜிஎஸ்ஸில் விரலெழுத்தின் புழக்கம் அமெரிக்கச் சைகைமொழியைவிடக் குறைவு. வயதானவர்களில் பலர் அது இல்லாமலே வளர்ந்தவர்கள், அவர்களிடம் நீளமாக விரலால் எழுதிக்காட்டுவதைவிடக் கைத்தொலைபேசியில் தட்டிக் காட்டுவது மேல். பதினைந்து எழுத்துத் தமிழ்ப் பெயரை முழுதாக எழுதிக்காட்டி யாரையும் வதைக்காமல் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லுங்கள். கொஞ்சக் காலத்தில் அவர்களே உங்கள் முகத்தையோ பழக்கத்தையோ பார்த்து ஒரு சைகைப்பெயர் வைப்பார்கள். நீங்களாக ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். எண்ணிலும் கவனம் வேண்டும்: நமக்கு ஆட்காட்டி விரல் 'ஒன்று', டொச்காரர் எண்ணத் தொடங்குவது கட்டைவிரலில். எண்களை அகராதியில் பார்த்தே பழகுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் சேர்த்துச் செய்வதில் பலன் குறைவு. ஒரு நாளைக்கு ஆறேழு புதிய சைகைக்கு மேல் ஏற்றாதீர்கள். கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: கைவடிவம், உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, உடம்பில் எந்த இடம், எப்படி அசைகிறது, வாய் என்ன செய்கிறது. பிழை வரும்போது இந்த ஐந்தில் எது பிழைத்தது என்று தேடலாம். பெரும்பாலும் அது உள்ளங்கையாக இருக்கும். ஆசிரியர் எதிரே நிற்பதால் அவருடைய வலது கை உங்கள் இடது பக்கம் தெரியும், புதியவர்கள் பலர் கண்ணாடிபோல் அதைப் பின்பற்றி இடது கையால் செய்யத் தொடங்கிவிடுவார்கள். எழுதும் கை எதுவோ அதுதான் முதன்மைக் கை. இடதுகைக்காரர் இடது கையாலேயே செய்யலாம், ஆனால் நடுவில் மாற்றக் கூடாது. தனிச்சொல்லாக அடுக்காமல் மூன்று நான்கு சைகை சேர்ந்த வாக்கியமாகப் படம் எடுத்து, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். உங்களுக்கே விளங்காவிட்டால் மற்றவருக்கும் விளங்காது.

தொலைக்காட்சியில் எஸ்ஆர்எஃப் இன்ஃபோவில் இரவு 19.30 செய்தி சைகைமொழியோடு வருகிறது. முதல் வருடம் அதை வைத்துப் படிக்கப் பார்க்காதீர்கள், வேகம் உங்களை விழுங்கிவிடும். தெரிந்த ஒரு செய்தியை இரண்டு நிமிஷம் ஒலியை நிறுத்திப் பார்த்து, பிடிபட்ட நான்கு சொற்களைக் குறித்துக்கொள்வது போதும்.

காலம் என்றால்: வாரம் ஒரு வகுப்பும் வீட்டுப் பயிற்சியும் இருந்தால் ஆறு மாதத்தில் அறிமுகம், குடும்பம், சாப்பாடு, நேரம் குறித்தல் ஓரளவு ஓடும். இருவர் தங்களுக்குள் வேகமாகக் கதைப்பதைப் பின்தொடர இரண்டு மூன்று வருடமாவது எடுக்கும். கை சொல்வதைவிடக் கண் வாசிப்பது எப்போதும் பிந்தித்தான் வரும். உங்கள் மகள் பக்கத்தில் இருந்தால் அவள் உங்களை முந்திவிடுவாள், அதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் டொக்டரிடமோ பள்ளிக்கூடக் கூட்டத்துக்கோ அந்தத் தாய் தகப்பனுக்கு மொழிபெயர்க்க நீங்களோ மகளோ போகக் கூடாது. அதற்கென்று படித்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், சூரிச்சில் உள்ள எச்எஃப்எச் உயர்கல்லூரியில் அது ஒரு பட்டப்படிப்பு.

அவர்கள் வீட்டுக்கு வரும் நாளுக்கு முதலில் மூன்றைப் பழகி வையுங்கள்: 'மெதுவாக', 'இன்னொரு தடவை', 'விளங்கவில்லை'. விளங்காமல் தலையாட்டினால் அடுத்த கேள்வியிலேயே பிடிபட்டுவிடுவீர்கள். கூப்பிட வேண்டுமென்றால் கையை அசையுங்கள், தோளில் மெல்லத் தட்டுங்கள், அறையின் லைற்றை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இருவர் கதைக்கும்போது நடுவால் போக வேண்டியிருந்தால் குனிந்து மன்னிப்புக் கேட்டு நிற்காமல் சட்டென்று கடந்து போங்கள், நின்றால்தான் மறைக்கும். அவர்களைக் குறிக்க டொச்சில் 'கெஹேர்லோஸ்' (காது கேளாத) என்ற சொல்லைப் பாவியுங்கள். 'டவ்ப்ஷ்டும்' என்ற பழைய சொல் 'செவிட்டூமை' என்பதற்குச் சமம், அது அவர்களைப் புண்படுத்தும். மேசைக்கு நடுவிலிருக்கும் பூச்சாடியை எடுத்துவிடுங்கள், நீங்கள் யன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் நிழலாகிவிடும். சாப்பாடு போடும்போது மட்டும் நம்முடைய வழக்கமான உபசாரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்: ஒரு கையில் கோப்பையும் மறுகையில் வடையும் கொடுத்துவிட்டு 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. ஒன்றையாவது கீழே வைக்கும்வரை பொறுங்கள்.